பிள்ளைக்கு ஓட்டிசமா? எங்கே, எந்த வரிசையில் காட்டுவது: ஒரு யாழ்ப்பாண ஒப்பீடு

சென்ற ஆவணியில், நல்லூர்த் திருவிழா முடிந்த வாரம், ஒரு தாய் எங்கள் முன்பள்ளிப் படலையடியில் என்னை மறித்துக் கேட்டார்: "ரீச்சர், இவனைக் கொழும்புக்குக் கொண்டுபோவதா, சென்னைக்குக் கொண்டுபோவதா?"

மகனுக்கு இரண்டு வயதும் எட்டு மாதமும். தாயின் இடுப்பில் இருந்தபடி படலைக் கொளுக்கியைத் தூக்குவதும் விழுத்துவதுமாக இருந்தான். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கொளுக்கி விழும் சத்தம்தான் அவனுக்குக் கேட்டது.

வீட்டில் ஆளுக்கொரு வழி சொல்லியிருந்தார்கள். "பொறு, தகப்பனும் நாலு வயதில்தான் கதைத்தவன்" என்பது மாமியின் வாக்கு. கனடாவிலிருந்து மைத்துனர் ஒரு வினாக்கொத்தைக் கைபேசிக்கு அனுப்பி, எட்டுப் புள்ளி வந்தால் ஓட்டிசம்தான் என்று முடித்துவிட்டார். பக்கத்து வீட்டார் சென்னையில் ஒரு நிலையத்தின் விலாசம் தந்திருந்தார்கள். குடும்பநல உத்தியோகத்தர் வைத்தியசாலைக்கு எழுதிக் கொடுத்த கடிதமோ தாயின் கைப்பையில் நான்காக மடித்தபடி மூன்று வாரமாகக் கிடந்தது.

அன்று நான் சொன்ன பதில் இரண்டு வரிதான். வீட்டுக்கு வந்தபின் அது போதாது என்று பட்டது. நான் வைத்தியர் அல்ல. இருபத்திரண்டு வருடம் முன்பள்ளி ஆசிரியை. அதற்கு மேலாக, என் தங்கையின் மகனுக்காக இந்த வழிகள் எல்லாவற்றிலும் ஒருமுறையேனும் நடந்தவள். தவறான வரிசையில் நடந்தோம், அதனால் இரண்டு வருடம் போனது. அந்த இரண்டு வருடம் இன்னொரு பிள்ளைக்குப் போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு சொல்லைப் பற்றி முதலில். பத்திரிகைகள் "மதியிறுக்கம்" என்று எழுதுகின்றன. எனக்கு அந்தச் சொல்லோடு ஒட்டவில்லை. நான் பார்த்த பிள்ளைகளின் மதி இறுகியிருக்கவில்லை. வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தது. கிளினிக்கில் எல்லோரும் சொல்வதுபோல ஓட்டிசம் என்றே எழுதுகிறேன்.

ஏன் இது இவ்வளவு சிரமம்

காய்ச்சல் என்றால் இரத்தம் எடுத்துப் பார்க்கலாம். எலும்பு முறிந்தால் படம் பிடிக்கலாம். ஓட்டிசத்துக்கு இரத்தப் பரிசோதனையும் இல்லை, ஸ்கானும் இல்லை. லியோ கனர் 1943இல் பதினொரு பிள்ளைகளைக் கவனித்து எழுதியபோது செய்த இரண்டு வேலைகளைத்தான் இன்றைய வைத்தியரும் செய்கிறார்: பிள்ளையைப் பார்க்கிறார், பெற்றோரைக் கேட்கிறார். மாறியது எதைப் பார்ப்பது என்ற தெளிவு. 2013இல் வந்த அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வகைப்பாடு முன்பு தனித்தனிப் பெயரில் இருந்தவற்றை ஒரே நிறமாலைக்குள் கொண்டுவந்து, இரண்டு தூண்களில் நிறுத்தியது. மற்றவர்களோடு உறவாடுவதிலும் தொடர்பாடுவதிலும் உள்ள வேறுபாடு ஒன்று. திரும்பத் திரும்பச் செய்தல், ஒன்றிலேயே பற்றுக்கொள்ளுதல், ஒலி ஒளி தொடுகை போன்றவற்றுக்கு அதிகமாகவோ குறைவாகவோ கூசுதல் மற்றொன்று. இரண்டும் வேண்டும். சிறுவயதிலேயே தொடங்கியிருக்கவும் வேண்டும்.

முன்பின் தெரியாத அறையில், வெள்ளைச் சட்டைக்காரர் முன்னால், அரை மணித்தியாலத்தில் ஒரு பிள்ளையிடம் இதையெல்லாம் காண முடியுமா? பயந்த பிள்ளையும் முகம் பார்க்காது. காது கேளாத பிள்ளையும் பெயருக்குத் திரும்பாது. பேச்சு மட்டும் பிந்திய பிள்ளை, முழு வளர்ச்சியும் பிந்திய பிள்ளை, வீட்டில் யாரும் கதைக்க ஆளில்லாமல் திரையோடு வளர்ந்த பிள்ளை என்று வெளித்தோற்றத்தில் ஒரேமாதிரி இருப்பவர்கள் பலர். உண்மையில் ஓட்டிசம் உள்ள பிள்ளையோ அன்றைக்கென்று வைத்தியரின் பேனையைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்துவிடும்.

எங்கள் முற்றத்திலேயே நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. காகம் காட்டிச் சோறு தீத்துகிறோமே, அதுதான். அம்மம்மா மதிலை நோக்கி விரலை நீட்டி "அங்கே பார் காகம்" என்றால், ஒரு வயது தாண்டிய பிள்ளை பெரும்பாலும் மதிலைப் பார்க்கும். பார்த்துவிட்டு அம்மம்மாவின் முகத்தையும் பார்க்கும். நீங்களும் பார்த்தீர்களா என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருக்கும். என் தங்கையின் மகன் விரலைப் பார்த்தான். விரலில் ஒட்டியிருந்த பருக்கையைப் பார்த்தான். மதிலை அவன் ஒருநாளும் பார்க்கவில்லை. ஒவ்வொரு நாளும் மூன்று வேளை எங்கள் கண்முன் நடந்த இதை, அவனுக்கு மூன்று வயதாகும்வரை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. படலையடியில் நின்ற தாய்க்கு மைத்துனர் அனுப்பிய வினாக்கொத்தின் முதற்கேள்வியே இதுதான் என்று பிறகுதான் தெரிந்தது.

பொறுத்துப் பார்ப்பது

இதுவும் ஒரு தெரிவுதான். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான வீடுகள் முதலில் எடுப்பது இதையே. செலவில்லை, அயலுக்குத் தெரியவராது, மூத்த மகளின் கலியாணப் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லை. இதைச் சொல்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. பிந்திக் கதைத்துப் பிறகு நன்றாக வந்த பிள்ளைகள் உண்மையாகவே இருக்கிறார்கள். நானே பலரைப் படிப்பித்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறேன். வாயில் சொல் இல்லாவிட்டாலும் கையால் எல்லாவற்றையும் கேட்டார்கள். தண்ணீர்ச் செம்பைக் காட்டுவார்கள், தலையாட்டுவார்கள், கோபம் வந்தால் என் முகத்தைப் பார்த்து முறைப்பார்கள். தங்கையின் மகன் வேறுமாதிரி. குளிர்சாதனப் பெட்டி திறக்கவேண்டும் என்றால் தாயின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அந்தக் கையைக் கைபிடியில் வைப்பான். முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. தாயின் கை அவனுக்கு ஒரு திறப்புப்போல. பேச்சுப் பிந்துவதும் தொடர்பாடலே பிந்துவதும் ஒன்றல்ல என்று எனக்கு விளங்கியது அங்கேதான்.

ஆகவே பொறுப்பதானால் எதைப் பார்த்துப் பொறுப்பது என்று தெரிந்திருக்கவேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மழலை ஒலியோ, சுட்டிக்காட்டுதல், கையசைத்தல் போன்ற சைகையோ இல்லை. பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு வயதில் தானாகச் சேர்த்துச் சொல்லும் இரண்டு சொல் இல்லை. இதில் ஒன்று இருந்தாலே காட்டவேண்டும். வந்த சொல் போனால், எந்த வயதானாலும், ஒரு வாரம்கூடப் பொறுக்கக்கூடாது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினர் ஒன்றரை வயதை அண்டிச் சொற்களை இழக்கிறார்கள். "போன மாதம் அம்மா என்றான், இப்போது சொல்வதில்லை" என்று ஒரு தாய் சொன்னால் அதைச் செல்லக் கோபம் என்று தள்ளிவிடாதீர்கள்.

சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைப்பவர்கள் வையுங்கள். என் தங்கையும் வைத்தாள். ஆனால் நேர்த்தி நிறைவேறும்வரை கிளினிக்கைத் தள்ளிப்போட்டோம். அது எங்கள் பிழை. இரண்டுக்கும் ஒன்றோடொன்று பகையில்லை. ஒரே வாரத்தில் இரண்டையும் செய்யலாம்.

கைபேசி வினாக்கொத்து

மைத்துனர் அனுப்பியது எம்-சாட் என்ற வினாக்கொத்து. இருபது கேள்வி, ஆம் இல்லை என்று பதில். நல்ல கருவிதான். ஆனால் அது பதினாறு முதல் முப்பது மாதப் பிள்ளைகளுக்கானது. படலையடியில் நின்ற பிள்ளைக்கு முப்பத்திரண்டு மாதம். இன்னொன்று, அது சல்லடை மட்டும். எட்டும் அதற்கு மேலும் வந்தால் "உடனே நிபுணரிடம் அனுப்பு" என்று பொருள். "ஓட்டிசம் இருக்கிறது" என்று எந்தப் புள்ளியும் சொல்லாது. மூன்றிலிருந்து ஏழுக்குள் வந்தால், பயிற்சி பெற்ற ஒருவர் தாயிடம் மறுபடி விரித்துக் கேட்கவேண்டும். கைபேசியில் தனியே நிரப்புகிறவர்கள் அந்த இரண்டாம் படியை விட்டுவிடுகிறார்கள்.

எதிர்ப்பக்கத்துப் பிழை இன்னும் கவலைக்குரியது. நம் நாட்டில் ஓர் அரைநகர்ப் பகுதியில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகள் 374 பேரைப் பரிசோதித்த ஆய்வொன்று 2009இல் வெளியானது. 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் இருந்தது. எம்-சாட் பிடித்தது அவர்களில் நாலில் ஒரு பங்கைத்தான். கேள்விகளுக்குத் தாய்மார் சொன்ன பதில்களில்தான் சிக்கல் இருந்தது. இதில் எனக்கு வியப்பில்லை. "உங்கள் பிள்ளை பாவனை விளையாட்டு விளையாடுமா?" என்று அச்சடித்த தாளில் கேட்டால், ஓம் என்பதுதான் எங்கள் வாயில் முதலில் வரும். பிள்ளையை விட்டுக்கொடுத்துப் பேச எந்தத் தாய்க்கு மனம் வரும்? அதே கேள்வியை நான், "சிரட்டையில் மண்போட்டுச் சோறாக்கி உங்களுக்குத் தீத்த வருமா?" என்று கேட்கும்போது தாய் சற்று யோசிப்பார். பிறகு, "இல்லை ரீச்சர், சிரட்டையை அடுக்கிக்கொண்டுதான் இருப்பான்" என்பார். கொழும்புப் பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் பின்னர் நிழற்படங்களைக் காட்டிக் கேட்கும் கருவி ஒன்றை உருவாக்கி 2017இல் வெளியிட்டார்கள். படத்தைப் பார்த்து, "ஓம், இப்படித்தான் செய்கிறான்" என்று தாயால் சொல்ல முடிகிறது. எங்கள் மண்ணுக்கு ஏற்ற வழி அதுதான் என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டு உறவுகள் அக்கறையில்தான் அனுப்புகிறார்கள். அவர்களிடம் பணமும் ஆறுதலும் வாங்குங்கள், தீர்ப்பு வாங்காதீர்கள். மூன்று வயது தடுப்பூசியை நிறுத்தச் சொல்லி வரும் குரல்பதிவையும் நம்பவேண்டாம். தடுப்பூசியால் ஓட்டிசம் வருகிறது என்ற எண்ணத்தைப் பரப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட சஞ்சிகையே 2010இல் மீளப்பெற்றுவிட்டது.

அருகில் உள்ள அரச வழி

குடும்பநல உத்தியோகத்தர், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பிறகு போதனா வைத்தியசாலை அல்லது தெல்லிப்பழை, பருத்தித்துறை போன்ற ஆதார வைத்தியசாலை. இதுதான் அந்த நான்காக மடித்த கடிதம் திறக்கும் வழி. காசு இல்லை என்பதால் தரம் குறைவு என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். என் அனுபவம் அப்படி அல்ல.

இந்த வழியின் பலம், பிள்ளையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது. முதல் நாள் அழுதவன் மூன்றாம் தடவை கதிரையில் இருந்து விளையாடுவான். அந்த மூன்றாம் நாளில்தான் வைத்தியர் உண்மையான பிள்ளையைக் காண்கிறார். கதைப்பது எங்கள் தமிழில். குழந்தைநல வைத்திய நிபுணர், உளநலப் பிரிவு, காதுப் பரிசோதனை, பேச்சுச் சிகிச்சை எல்லாம் ஒரே ஊருக்குள். நாளைக்குப் பாடசாலைக்கும் பிரதேச செயலகத்துக்கும் காட்டவேண்டிய கடிதமும் இங்கிருந்தே வரும்.

பலவீனத்தையும் மறைக்கக்கூடாது. கிளினிக் நாளில் சனம் அதிகம். மின்விசிறிச் சத்தம், அழும் குழந்தைகள், பெயர் கூப்பிடும் குரல் என்று ஒலிக்குக் கூசும் பிள்ளைக்கு அந்த நடைபாதை ஒரு வதை. உள்ளே போகும்போது பிள்ளை ஏற்கெனவே உடைந்துபோயிருக்கும். கிடைக்கும் நேரமும் குறைவு. வைத்தியருக்கு இடமாற்றம் வந்தால் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டும். தமிழ் பேசும் பேச்சுச் சிகிச்சையாளர்கள் தேவைக்கு மிகக் குறைவு என்பதால் அடுத்த தவணை தள்ளிப்போகும்.

முதலில் செய்யவேண்டியது காதுப் பரிசோதனை. இதைத் தாண்டி எந்த வழியும் இல்லை. பிள்ளை பதில் சொல்லத் தேவையில்லாத, தூங்கும்போது செய்யும் பரிசோதனை அது. எங்கள் பிள்ளைக்கு அது காலை ஒன்பது மணிக்கு. முதல்நாள் இரவு நேரம் சென்று படுக்கவைத்து, விடிய முன்னரே எழுப்பிக்கொண்டு வரச் சொன்னார்கள். தங்கை இரவு பன்னிரண்டு வரை அவனை முற்றத்தில் தூக்கிக்கொண்டு நடந்தாள். நாலரைக்கு எழுப்பினோம். கோண்டாவிலில் இருந்து ஓட்டோவில் ஏறியதும் தூங்கத் தொடங்கினான். வைத்தியசாலை வாசலில் ஓட்டோ நின்ற குலுக்கத்தில் கண்ணை விழித்துக்கொண்டான். அதன்பிறகு பரிசோதனை அறையில் ஒன்றரை மணித்தியாலம் தாலாட்டு. அன்று முடியவில்லை, மறுதவணை. இரண்டாம் முறை ஓட்டோவில் அவனைத் தூங்கவிடாமல் நான் பாடிக்கொண்டே போனேன். அறைக்குள் பால் கொடுத்ததும் தூங்கினான். காது நன்றாகக் கேட்கிறது என்று எழுதித் தந்தார்கள். அந்தத் தாள் அதன்பின் எங்கே போனாலும் முதலாவதாகக் கேட்கப்பட்டது.

இன்னொரு கைவேலை. மூன்று வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போதும். பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஒன்று, இன்னொரு பிள்ளையோடு விளையாட விட்டது ஒன்று, சாப்பாட்டு நேரம் ஒன்று. பிள்ளையைத் திருத்தவோ நடிக்கவைக்கவோ வேண்டாம். அரை மணித்தியாலத்தில் வைத்தியர் காணாததை அந்த மூன்று நிமிடத்தில் காண்பார். கிளினிக் கொப்பியும் கையில் இருக்கட்டும். எப்போது தவழ்ந்தது, எப்போது நடந்தது என்ற கேள்விகளுக்கு நினைவைவிட அது நம்பத்தக்கது.

மாலையில் சனல் பண்ணுவது

சனல் பண்ணுவது என்றால் காசு கட்டித் தனியார் இடத்தில் நிபுணரிடம் காட்டுவது. காலையில் அரச வைத்தியசாலையில் பார்க்கும் நிபுணரே மாலையில் தனியார் இடத்திலும் பார்க்கிறார் என்பது பல சமயம் உண்மை. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது முந்திய தவணையை. ஆழமான பார்வையை அல்ல. கடிதத்துக்கான தவணை மாதக்கணக்கில் தள்ளிப்போனால் ஒருமுறை இப்படிக் காட்டிக் காதுப் பரிசோதனையைத் தொடங்கிவிடலாம். அதற்குமேல் இந்த வழியில் நம்பியிருக்க நான் சொல்லமாட்டேன்.

காரணம், என் வகுப்பில் இருந்த ஒரு பெண் பிள்ளை. ஒரு மாலையில் சில நிமிடப் பார்வையில் ஓட்டிசம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். தாய் எட்டு மாதம் அழுதார். பிறகு காது பார்த்தபோது நடுக்காதில் நீர் கட்டியிருந்தது தெரிந்தது. அதற்கு வைத்தியம் நடந்து, அடுத்த வருடம் என் வகுப்பில் அதிகம் கதைக்கும் பிள்ளை அவள்தான். எங்கள் பிள்ளைக்கு ஓட்டிசம் என்ற பெயர் பிந்திவந்த அதே வருடத்தில் அவளுக்கு இல்லாத பெயர் முந்திவந்தது.

பெண் பிள்ளைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். பல நாட்டுக் கணக்குகளில் நாலு ஆண் பிள்ளைக்கு ஒரு பெண் பிள்ளை என்ற அளவில்தான் ஓட்டிசம் கண்டறியப்படுகிறது. அந்த இடைவெளியில் ஒரு பகுதி, பார்க்காமல் விட்டது. எங்கள் ஊரில் மூலையில் தனியே இருக்கும் பெண் பிள்ளைக்கு "அடக்கமான பிள்ளை" என்று பெயர். மற்றப் பிள்ளைகள் செய்வதைப் பார்த்து அப்படியே செய்து சமாளித்து, தரம் ஒன்றில் களைத்துப்போகிறாள். அடக்கமா ஒதுக்கமா என்று ஆசிரியர்களாகிய நாங்கள்தான் முதலில் கேட்கவேண்டும்.

கொழும்பு

பொரளையில் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை, ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு இணைந்த அயதி நிலையம் என்று பெயர்பெற்ற இடங்கள் அங்கே இருக்கின்றன. பலதுறை நிபுணர்கள் ஒரே இடத்தில் சேர்ந்து பார்ப்பது அங்கே கிடைக்கும் பெரிய வசதி. வலிப்பு இருந்தால், பெற்ற சொல் போயிருந்தால், முக அமைப்பிலோ தலை வளர்ச்சியிலோ வைத்தியருக்குச் சந்தேகம் இருந்தால், நரம்பியலும் மரபணுவும் பார்க்க அங்கே போகத்தான் வேண்டும். இங்குள்ள வைத்தியர் கடிதம் தந்து அனுப்பினால் தயங்காதீர்கள்.

நாங்களாகவே முதலில் அங்கே ஓடுவது வேறு விடயம். ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் போய், விடிய லொட்ஜில் முகம் கழுவி, ஒன்பது மணிக்கு அறைக்குள் நுழையும் பிள்ளை தன் பிள்ளையாக இருக்காது. எங்களவன் அந்த அறையில் கதிரைக்கு அடியில் படுத்துவிட்டான்.

அதைவிடக் கனமானது மொழி. எங்களவன் அப்போது சில சொற்கள் சொல்லத் தொடங்கியிருந்தான். தண்ணீர் தேவைப்பட்டால் "தண்ணீர் வேண்டுமா?" என்பான். நாங்கள் கேட்பதை, கேள்வி இழுப்போடு, அப்படியே திருப்பிச் சொல்வான். "வேண்டும்" என்பது அவன் வாயில் வராது. தமிழ் தெரிந்த வைத்தியருக்கு அந்த "மா" ஒன்றே போதும். எதிரொலிப் பேச்சு அங்கே தெளிவாகக் கிடக்கிறது. எங்களைப் பார்த்தவர் அன்பானவர், பொறுமையானவர், சிங்களத்தில் பழகியவர். என் தங்கை அரைகுறை ஆங்கிலத்தில் "தண்ணீர் கேட்கிறான்" என்று மொழிபெயர்த்தாள். பிள்ளை தண்ணீர் கேட்டான் என்று குறித்துக்கொண்டார். மொழிபெயர்ப்பில் நோயின் அடையாளமே திருந்திப்போய்விட்டது. "பேச்சுப் பிந்தல், ஆறு மாதம் கழித்து வரவும்" என்ற தாளோடு அன்றிரவே பஸ் ஏறினோம். அந்த ஆறு மாதம் எங்கள் இரண்டு வருட இழப்பில் ஒரு பகுதி.

சென்னையும் வேலூரும்

2019இல் பலாலியில் சர்வதேச விமான நிலையம் திறந்ததிலிருந்து சென்னை மனத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. கொழும்புக்கு ஓரிரவு, சென்னைக்கு ஆகாயத்தில் ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கென்று 2005இல் நிறுவப்பட்ட மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வளர்ச்சிசார் குழந்தை மருத்துவத்துக்குத் தனிப்பிரிவு இருக்கிறது. ஆளணி அதிகம், கருவிகள் அதிகம், மொழி தமிழ்.

தமிழ்தான், ஆனால் பிள்ளையின் தமிழ் அல்ல. "நாற்காலியில் உட்கார்" என்றார்கள். எங்களவன் நின்றான். "கதிரையில் இரு" என்று நான் சொன்னதும் இருந்தான். பப்பாளிப் படத்தை எடுத்துத் தரச் சொன்னார்கள். அவனுக்குத் தெரிந்தது பப்பாசி. "நல்லாப் பேசுவானா?" என்று கேட்டதற்கு, "கதைப்பான்" என்றாள் தங்கை, கதை சொல்வானா என்று வியந்தார்கள். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் கட்டளை விளங்காத பிள்ளை என்று எழுதியிருப்பார்கள். போகிறவர்கள் வீட்டில் புழங்கும் ஐம்பது சொல்லை எழுதி எடுத்துப் போங்கள். முதல் ஐந்து நிமிடத்திலேயே கையில் கொடுங்கள்.

தாள்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அங்கே நாற்பது கூறுகள் கொண்ட இந்திய மதிப்பீட்டு அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். எழுபதுக்குக் கீழே இல்லை, அதற்கு மேலே லேசு, நடுத்தரம், கடுமை என்று போகும். இங்கே "எவ்வளவு உதவி தேவை" என்று ஒன்று, இரண்டு, மூன்று மட்டங்களில் எழுதுவார்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்த தகப்பன் ஒருவர், சென்னையில் கடுமையாக இருந்தது இங்கே வந்து குறைந்துவிட்டது என்று மகிழ்ந்தார். பிள்ளை மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது.

உண்மையான குறை, அங்கே பார்த்தவர் இங்கே மறுபடி பார்க்கமாட்டார் என்பது. இரண்டு கிழமையில் பன்னிரண்டு பயிற்சித் தாளோடு திரும்பி வருகிறோம். மூன்றாம் மாதம் பிள்ளை அடுத்த படிக்கு வந்ததும் யாரைக் கேட்பது? ஆகவே நான் சென்னையை இரண்டாவது கருத்துக்கும், தாய் தகப்பன் பயிற்சி பெறுவதற்கும் வைத்துக்கொள்வேன். இங்கே ஒரு கோப்பு திறந்த பிறகு, அந்தக் கோப்போடு போவேன். போகும் இடத்தில் "முழுக்க மாற்றித் தருகிறோம்" என்று உயிரணுச் சிகிச்சை, அழுத்த ஒட்சிசன், உலோகம் நீக்கும் மருந்து என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். பின்னைய இரண்டையும் ஓட்டிசத்துக்குப் பயன்படுத்துவதற்கு எதிராக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரித்திருக்கிறது. நகையை அடகுவைத்து இதற்குக் காசு கட்டிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

அப்படியானால் எந்த வரிசை

என் தெரிவு அருகில் உள்ள அரச வழி. இடத்தின் பெயரைப் பார்த்து இதைச் சொல்லவில்லை. இந்த முடிவில் நான் மூன்று விடயங்களைத்தான் நிறுக்கிறேன்: பிள்ளையை எத்தனை தடவை பார்ப்பார்கள், எந்த மொழியில் பார்ப்பார்கள், பெயர் வைத்தபின் கூட நிற்பது யார். மூன்றிலும் வீட்டுக்குக் கிட்ட உள்ளதே முன்னிற்கிறது. மாதக்கணக்கில் தவணை பிந்தினால் இடையில் ஒரு சனல். வைத்தியர் அனுப்பினால், அல்லது வலிப்போ சொல் இழப்போ இருந்தால் உடனே கொழும்பு. இங்குள்ள இரண்டு வைத்தியர்கள் வேறுவேறாகச் சொன்னால், அல்லது கையில் காசும் ஒரு மாத விடுமுறையும் இருந்தால் சென்னை அல்லது வேலூர். பொறுத்துப் பார்ப்பது தவணைக்குக் காத்திருக்கும் நாட்களுக்கு மட்டும்.

அந்த நாட்களும் சும்மா போகவேண்டியதில்லை. அனுபவம் உள்ளவர் பார்த்தால் இரண்டு வயதிலேயே உறுதியாகச் சொல்ல முடியும் என்கிறார்கள். எங்கள் ஊரில் அது நாலு, ஐந்து வயதுவரை இழுபடுகிறது. பெயர் வராமல் பயிற்சி தொடங்கக்கூடாது என்று ஒரு விதியும் இல்லை. திரையை நிறுத்தி முகத்துக்கு முகம் இருந்து விளையாடுவது, பிள்ளை பார்க்கும் பொருளின் பெயரைச் சொல்வது, கேட்க இடம்விட்டுக் காத்திருப்பது எல்லாம் ஓட்டிசம் இல்லாத பிள்ளைக்கும் நல்லவை. பெயர் பிழையாகப் போனாலும் இவற்றால் நட்டம் வராது. பாடசாலை வயது வரும்போது தாள் தேவைப்படும். விசேட கல்வி அலகா, சாதாரண வகுப்பா, கோண்டாவில் சிவபூமி போன்ற சிறப்புப் பாடசாலையா என்ற முடிவு அப்போது வரும். அந்த முடிவுக்குத் தனியாக இன்னொரு கட்டுரை வேண்டும்.

படலையடியில் கேட்ட தாய் மறுநாளே அந்தக் கடிதத்தை விரித்துக்கொண்டு போனார். காதுப் பரிசோதனை முதல் தடவையே முடிந்துவிட்டது; ஓட்டோவில் பாட நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். இரண்டு தடவை வைத்தியர் பார்த்திருக்கிறார், பெயர் இன்னும் வைக்கவில்லை. மூன்றாம் தவணை வருகிற புதன்கிழமை. நேற்று இரவு எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். பையன் தாயின் கையைக் குளிர்சாதனப் பெட்டியின் கைபிடியில் வைக்கிறான். தாய் திறக்கவில்லை, கையை அங்கேயே வைத்தபடி நிற்கிறார். எட்டு, ஒன்பது விநாடி போகிறது. பையன் கைபிடியைப் பார்க்கிறான், கையைப் பார்க்கிறான், பிறகு தலையை உயர்த்தித் தாயின் முகத்தைப் பார்க்கிறான். கதவு திறக்கிறது. இந்த வீடியோவையும் புதன்கிழமை கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.